பஞ்சு மாதிரி இறங்கும் பெடல்

ஹேரோ ஒன் த ஹில் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெருவுக்கு எதிர்ப்பக்கமாக மலையை நோக்கி ஏறினால் குரோவ் ஹில் என்று ஒரு றோட்டு வரும். நல்ல சரிவு. அங்கே ஒரு சுவரில் ஒரு சின்னப் பலகை பதித்திருக்கிறார்கள். எங்கட சனம் இத்தனை பேர் ஹேரோவில் இருக்கிறோம், அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. 1899ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி எட்வின் செவெல் என்ற சாரதி ஒரு டெய்ம்லர் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வண்டியின் திறமையைக் காட்டுவதற்காக இந்தச் சரிவால் இறங்கினார். பிரேக் பிடித்தபோது பின் சில்லு உடைந்தது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். கூட வந்த மேஜர் ரிச்சர் சில நாள் கழித்து இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டி விபத்தில் சாரதி இறந்த முதல் சம்பவம் என்று பதிவானது இதுதான். 70 வருசம் கழித்து, 1969இல், அந்தப் பலகையை வைத்தார்கள்.

என் மருமகன், அக்காவின் மகன், போன வருசம் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் வாங்கினான். 1963ஆம் ஆண்டு வண்டி. அவன் வீடு இந்த மலையின் மேல்பக்கம். கடைக்குப் போனாலும் இறங்கித்தான் போக வேண்டும். ஒரு நாள் போன் எடுத்துக் கேட்டான்: "மாமா, பிரேக் பெடல் கொஞ்சம் சொஃப்டா இருக்கு. ரெண்டு தரம் அடிச்சா பிடிக்குது. ஓடலாம்தானே?"

"ஓடக்கூடாது" என்றேன். "சாவியை உன் மனுசியிட்ட குடு. சனிக்கிழமை வாறன்."

அவனுக்கு 9 வயதில் ஒரு மகள். அவளைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் அவனுடைய கனவு. நான் முப்பது வருசம் கராஜில் ஸ்பனர் பிடித்தவன். கனவு காண வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு தரம் அடித்தால்தான் பிடிக்கும் என்கிற பிரேக்கில், அந்த ரெண்டாவது தரத்துக்கு நேரம் கிடைக்கும் என்று யார் சொன்னது? இந்த நாட்டு ஹைவே கோட் புத்தகப்படி, 30 மைல் வேகத்தில் போகிற கார் நிற்க 23 மீற்றர் வேணும். அதில் 9 மீற்றர் நீங்கள் யோசித்துக் காலை வைக்கிறதுக்கே போய்விடும். அது நல்ல பிரேக்குக்குச் சொன்ன கணக்கு. 60 வருசத்து டிரம் பிரேக்குக்கு அல்ல.

இப்போ ஏன் எங்கட பெடியள் பழைய வண்டிக்குப் பின்னால் போகிறார்கள் என்று கேட்டால், காரணம் பாதி பாசம், பாதி கணக்கு. 2023 ஆகஸ்ட் 29இல் யூலெஸ் லண்டன் முழுக்க வந்தது. பொருந்தாத வண்டிக்கு நாளைக்கு 12 பவுண்ட் 50 பென்ஸ். ஆனால் 40 வருசம் தாண்டிய வண்டியை டி.வி.எல்.ஏ.யில் 'ஹிஸ்ரோரிக்' வகுப்புக்கு மாற்றினால் யூலெஸ் இல்லை, றோட் ரக்ஸும் இல்லை. வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது, அவ்வளவுதான். 2018 மே 20 முதல் எம்.ஓ.ரி.யும் கட்டாயம் இல்லை, வண்டியைப் பெரிதாக மாற்றிக் கட்டாமல் இருந்தால்.

கடைசியாகச் சொன்ன சலுகைதான் எனக்குப் பயம். எம்.ஓ.ரி. இல்லை என்றால், வருசத்துக்கு ஒருக்கா வண்டிக்குக் கீழே தலையை விட்டுப் பார்க்க ஒரு அந்நிய மனுசன் இல்லை என்று அர்த்தம். சட்டம் பொறுப்பை எடுத்து உங்கள் தலையில் வைத்திருக்கிறது. பழுதான பிரேக்கோடு றோட்டில் பிடிபட்டால் 2,500 பவுண்ட் வரை தண்டமும் 3 புள்ளியும். ஹிஸ்ரோரிக் என்று சொல்லித் தப்ப ஏலாது.

பாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொரிஸ் மைனர் 1948இல் இங்கே லண்டனில், ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில்தான் முதலில் வெளியே வந்தது. அலெக் இசிகோனிஸ் வரைந்த கார். வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. இலங்கையில் டொக்டர்மார், வாத்தியார்மார், தபால் அதிபர்மார் என்று வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். யாழ்ப்பாணத்தில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலம், மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும்தான் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல். புகையும் மணமும் ஊரைத் தூக்கும். உங்கட அப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கோ, ஆளுக்கு ஒரு கதை இருக்கும். அதே காலத்தில் தெற்கே காலியில் மொரிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள். பாத்தில் சார்ள்ஸ் வெயர் என்பவர் மொரிஸ் மைனர் மட்டுமே திருத்துகிற நிலையம் நடத்தினார். கார் இங்கே பிறந்து அங்கே போய், அதன் தகடு அங்கே பிறந்து இங்கே வந்தது.

சரி, பெடலுக்கு வருவோம்.

வீட்டில் கல்போல் கொடுக்கிற பிளாஸ்ரிக் சிரிஞ் இருக்கும். அதில் முழுக்கத் தண்ணீர் எடுத்து, நுனியை விரலால் இறுக்கி மூடி, பிஸ்டனை அமத்திப் பாருங்கோ. அசையாது. இப்போ உள்ளே ஒரு சின்னக் காற்றுக் குமிழை விட்டுவிட்டு அமத்துங்கோ. உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். பஞ்சு மாதிரி. பிரேக்கும் இதேதான். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மொரிஸில் பெடல் ஒரு மாஸ்டர் சிலிண்டரை அமத்துகிறது, அதிலிருந்து குழாய் வழியே ஒயில் போய், ஒவ்வொரு சில்லிலும் இருக்கிற வீல் சிலிண்டர் ஷூவை வெளியே தள்ளி டிரம்மில் உரசுகிறது. தேவைப்படுகிற ஒயில் கொஞ்சமே கொஞ்சம். அதனால்தான் ஒரு குமிழ்கூட பெடலின் பாதித் தூரத்தைத் தின்றுவிடும்.

இந்த வண்டியில் இன்னொரு விசயம் தெரிந்திருக்க வேணும். இந்தக் காலக் காரில் பிரேக் குழாய் ரெண்டு தனித்தனி வட்டமாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றது பாதி பிடிக்கும். மொரிஸில் ஒரே வட்டம். எங்கேயோ ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லும் போச்சு. மிஞ்சுவது கேபிளில் பின் சில்லைப் பிடிக்கிற ஹாண்ட் பிரேக் மட்டும். குரோவ் ஹில் சரிவில் ஹாண்ட் பிரேக்கை நம்பி இறங்க நான் தயார் இல்லை.

'பெடல் சொஃப்ட்' என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஒரு வருத்தத்தின் பெயர் இல்லை, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. எப்படிச் சொஃப்ட் என்று கேட்க வேணும். காலை வைத்து அமத்தும்போது ஸ்பிரிங் மாதிரித் துள்ளுகிறதா? காற்று, அல்லது எங்கேயோ ஏதோ வளைகிறது, வீங்குகிறது. முதல் தரம் அடியோடு இறங்கி, உடனே ரெண்டாம் தரம் மேலே உயருகிறதா? பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. காலை ஒரே அழுத்தமாக வைத்துக்கொண்டிருக்க, மெல்ல மெல்ல நிலத்தை நோக்கி இறங்குகிறதா? இதுதான் பயங்கரம். ஒயில் எங்கேயோ வெளியே கசிகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பரைத் தாண்டித் திரும்பி ஓடுகிறது. காலையில் நல்லா இருந்து, நீளமாய் ஒரு இறக்கம் இறங்கின பிறகு சொஃப்டாகிறதா? ஒயிலில் தண்ணீர் சேர்ந்து கொதிக்கிறது. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கதை, லைனிங் சூடேறிவிட்டது.

கொதிக்கிறது என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேணும். பிரேக் ஒயில் என்று நாங்கள் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு திரவம். டொட் 4 என்று ரின்னில் எழுதியிருக்கும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேணும் என்பது விதி. ஈரம் ஏறின பிறகு அந்த எல்லை 155 ஆகிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் சிரிஞ்சில் பார்த்த அதே குமிழ். அதனால்தான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றச் சொல்கிறது. கராஜ் மூலையில் மூடி திறந்து மூன்று வருசமாக இருக்கிற ரின்னை எடுத்து ஊத்த வேண்டாம். எஞ்சின் ஒயிலை ஊத்துவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடும்.

சனிக்கிழமை போனேன். மருமகன் தேத்தண்ணியோடு ஒரு கதையும் வைத்திருந்தான். வண்டி வாங்கின உடனேயே ஒரு கராஜில் விட்டிருக்கிறான். அவர்கள் முன்பக்கம் புது ஷூ, நாலு சில்லுக்கும் புது வீல் சிலிண்டர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். பெடல் சொஃப்ட் என்று திரும்பக் கொண்டுபோனபோது காற்று எடுத்துக் கொடுத்தார்கள். பிறகும் சொஃப்ட். திரும்பக் காற்று எடுத்தார்கள். மூன்று தரம். கடைசியில் "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பழைய வண்டி இப்படித்தான் இருக்கும் என்பது பொய். நல்லாக இருக்கிற மொரிஸின் பெடல் உயரமாக, இறுக்கமாக நிற்கும். பவர் பிரேக் இல்லாததால் காலில் பலம் கொடுக்க வேணும், அது வேறு. இறுக்கமும் பாரமும் ஒன்று, பஞ்சு வேறொன்று.

முதலில் ஒயில் மட்டம். மொரிஸில் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் இருக்கிற மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேணும். திறக்க முதல் சுற்றி இருக்கிற மண்ணைத் துடைத்துவிடுங்கோ. 60 வருசத்துச் சப்பாத்து மண் உள்ளே விழுந்தால் ரப்பர் கீறுப்படும். மட்டம் சரியாக இருந்தது. அப்போ வெளியே கசிவு இருக்கச் சாத்தியம் குறைவு. இருந்தாலும் ஒவ்வொரு சில்லின் உள்பக்கத்தையும் ரோர்ச் அடித்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

பிறகு அவனைப் பெடலில் காலை வைத்து, ஒரு நிமிடம் ஒரே பலத்தில் பிடிக்கச் சொன்னேன். இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்கு முதல் மார்க்ஸ் கொடுத்தேன். அது நல்லதாகப் போச்சு, ஏனென்றால் அதைக் கழற்றுவது பெரிய தலையிடி. அதன் போல்ட்டுக்குக் குறுக்கே சஸ்பென்ஷனின் ரோர்ஷன் பார் போகிறது, அதையும் அசைக்க வேண்டிவரும்.

அடுத்தது இடைவெளி. வண்டியை ஜக்கில் தூக்கி, அக்சில் ஸ்டாண்டில் இறக்கி, மற்றச் சில்லுக்குக் கட்டை வைத்தோம். ஜக்கை மட்டும் நம்பி ஒரு நாளும் கீழே போகாதீர்கள். பிள்ளையள் பக்கத்தில் நிற்கும்போது இன்னும் கவனம். முன் டிரம்மில் ஒரு ஓட்டை இருக்கும், சில்லைக் கழற்றினால் தெரியும். டிரம்மைச் சுற்றி ஓட்டையை அட்ஜஸ்ரருக்கு நேரே கொண்டுவந்து, ஸ்க்ரூட்றைவரால் திருக வேணும். முன்பக்கம் ஒவ்வொரு சில்லுக்கும் ரெண்டு அட்ஜஸ்ரர். டிரம் அசையாமல் இறுகும் மட்டும் திருகி, பிறகு ஒரு பல் பின்னால். டிரம் சும்மா சுற்ற வேணும். சரியாக நாலும் தளர்ந்து கிடந்தன. அட்ஜஸ்ட் பண்ணின பிறகு ரெண்டு தரம் அடிக்கிற வேலை போய்விட்டது, முதல் அடியிலேயே பிடித்தது. மருமகனின் முகம் மலர்ந்தது. ஆனால் பெடலின் அடியில் அந்தத் துள்ளல் இன்னும் இருந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் ஸ்பனரைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போதான் நான் கொண்டுபோன கிளாம்ப் மூன்றையும் எடுத்தேன். மொரிஸில் வளைகிற ரப்பர் ஹோஸ் மூன்று: முன் சில்லுக்கு ஒவ்வொன்று, பின் அக்சிலுக்கு ஒன்று. வழுவழுப்பான வாய் உள்ள கிளாம்ப்பால் மூன்றையும் நெரித்துவிட்டால் ஒயில் சில்லுக்குப் போகாது. பெடலை அமத்தினோம். கல்லு. அப்போ மாஸ்டர் சிலிண்டரும் இரும்புக் குழாயும் சுத்தம். பின் கிளாம்ப்பை மட்டும் எடுத்தோம். கொஞ்சம் இறங்கி இறுக்கமாக நின்றது. முன் வலது. சின்னத் துள்ளல். முன் இடது. கால் பஞ்சில் இறங்கினது மாதிரி இறங்கியது. மூன்று தரம் காற்று எடுத்த கராஜ்காரருக்கு இந்தப் பத்து நிமிட வேலை செய்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பொறுமை இல்லாத இடத்தில்தான் பாட்ஸ் காசு கூடுகிறது.

பேத்தி வேலை இல்லாமல் வாசலில் நின்றாள். "பெடலில் ஏறி நில்லு, நான் சொன்னதும் அமத்து" என்றேன். எஞ்சின் நிற்பாட்டி, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது இது பயமில்லாத வேலை. நான் கீழே கிடந்து முன் இடது ஹோஸில் விரல் வைத்துக்கொண்டு ரோர்ச் அடித்தேன். அவள் அமத்த ஹோஸ் நடுவில் வீங்கியது, பாம்பு தவளை விழுங்கின மாதிரி. விட வத்தியது. அந்த ஹோஸ் எந்த ஆண்டில் போட்டதோ! வெளியே பார்க்கக் கறுப்பாய், நல்லாய்த்தான் இருந்தது. உள்ளே துணிப் பின்னல் செத்துப்போயிருந்தது. இன்று வீங்குகிறது, நாளை வெடிக்கும். ஒரே வட்டம் என்று முன்னம் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கோ.

"தாத்தா, is it dead?" என்று கேட்டாள். தமிழில் கேள் என்றேன். "செத்துப்போச்சா?" என்றாள். "ஓம், செத்துப்போச்சு."

மூன்று ஹோஸும் புதிது வாங்கி மற்றக் கிழமை போட்டோம். ஒன்று போனால் மூன்றும் மாற்ற வேணும், வயது ஒன்றுதானே. மொரிஸுக்கு உதிரிப்பாகம் இந்த நாட்டில் சிலநேரம் பத்து வருசத்துக் காருக்குக் கிடைப்பதைவிட லேசாகக் கிடைக்கும்.

பிறகு காற்று எடுத்தோம். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்க வேணும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டி, மற்ற நுனியைக் கொஞ்சம் ஒயில் ஊத்தின போத்தலுக்குள் அமிழ்த்த வேணும். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். "அமத்து" என்றால் அமத்தி, "பிடி" என்றால் அப்படியே வைத்திருக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடினேன், பிறகு "விடு". பிடி என்று சொன்ன நேரம் விட்டால் காற்றுத் திரும்ப உள்ளே இழுக்கும். பேத்தி ஒரு தரமும் பிழை விடவில்லை. அவளின் அப்பா ரெண்டு தரம் விட்டான், போனைப் பார்த்துக்கொண்டு. இதில் ரெண்டு நுணுக்கம். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்து அடிவரை போகாமல் தடுங்கோ. பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி துருப்பிடித்து இருக்கும், வழமையாய்ப் போகாத இடத்துக்கு ரப்பர் போனால் கீறி, நல்ல சிலிண்டரையும் கெடுக்கும். மற்றது, காற்று எடுக்க முதல் எல்லா அட்ஜஸ்ரரையும் இறுக்கி ஷூவை டிரம்மோடு ஒட்ட வைத்துவிட்டால், வீல் சிலிண்டருக்குள் இடம் குறையும், குமிழ் ஒளிக்க இடம் இருக்காது.

இடையில் மாஸ்டர் சிலிண்டர் மட்டத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேணும். வண்டிப் பெயின்றில் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊத்திக் கழுவுங்கோ, பெயின்றைத் தின்றுவிடும். சிலர் டொட் 5 சிலிக்கோன் ஒயில் போடச் சொல்வார்கள், அது பெயின்றைத் தின்னாது, ஈரம் உறிஞ்சாது என்று. உண்மைதான். ஆனால் அது நுண்ணிய காற்றுக் குமிழைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், டொட் 4ஓடு கலக்கவும் கூடாது. பஞ்சு பெடலோடு மல்லுக்கட்டுகிற மனுசனுக்கு அது தேவை இல்லாத வேலை.

காற்று எடுத்து முடிய, அட்ஜஸ்ரர் இறுகியபடி இருக்க, பெடல் கிட்டத்தட்டக் கல்லு. அட்ஜஸ்ரரை ஒரு பல் தளர்த்தினோம். திரும்பவும் துள்ளல், முன்னையை விடக் குறைவு, ஆனால் இருக்கிறது.

மருமகன் தலையில் கை வைத்தான். "காத்து இன்னும் இருக்கு மாமா."

இல்லை. காற்று என்றால் அட்ஜஸ்ரர் இறுகி இருந்தபோதும் துள்ளியிருக்கும். குமிழுக்கு அட்ஜஸ்ரரைத் தெரியாது. வளைகிறது வேறு எதுவோ. முன் டிரம்மைக் கழற்றினோம். கழற்ற முதல் பேத்தியை வீட்டுக்குள் அனுப்பினேன். இந்த நாட்டில் அஸ்பெஸ்ரஸ் 1999இல் முற்றாகத் தடையானது. அதற்கு முந்திய பிரேக் லைனிங்கில் அது இருக்கும். புது ஷூ போட்டிருந்தாலும் டிரம்முக்குள், பின்தகட்டில், பழைய தூசு படிந்திருக்கலாம். ஊதக் கூடாது, கொம்பிரசரால் அடிக்கவே கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட வேணும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

ஷூவைப் பார்த்ததும் விசயம் விளங்கியது. புது லைனிங்கின் நடுவில் மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு மினுமினுப்பு. ரெண்டு நுனியும் கடையில் வாங்கினபடி, டிரம்மையே தொடவில்லை. டிரம்மை முந்தி யாரோ கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள், ஷூ வழமையான அளவு. பெரிய பானைக்குள் சின்னச் சட்டியைச் சரித்து வைத்தது மாதிரி, நடுவில் மட்டும் தொடும். பெடலை அமத்த அமத்த ஷூ வளைந்து கொடுக்கிறது. அந்த வளைவைத்தான் கால் பஞ்சு என்று சொன்னது. எத்தனை லீற்றர் ஒயிலை ஓட்டிக் காற்று எடுத்தாலும் இது போகாது. போதாக்குறைக்கு, தொடுகிற இடம் குறைவு என்றால் சூடு அந்த இடத்திலேயே ஏறும். ஹேரோ மலையில் இறங்கி முடியும்போது அந்த ரெண்டு விரல் அகலம்தான் முழு வண்டியையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

முன்பக்கம் ரெண்டு டிரம்மும் சரியான அளவில் புதிதாகப் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும், அதனால் எப்போதும் சோடியாகத்தான். திரும்ப அட்ஜஸ்ட். பெடல் உயர்ந்து, இறுகி நின்றது. துள்ளல் இல்லை.

உடனே மலையில் இறங்கவில்லை. வீட்டு வாசலில் முன்னுக்கும் பின்னுக்கும். பிறகு ஞாயிறு காலை சன நடமாட்டம் இல்லாத ஒரு சமதளத் தெருவில் நடக்கிற வேகத்தில், பிறகு 20 மைலில். புது லைனிங் டிரம்மோடு பொருந்த நூறு, இருநூறு மைலாவது மெதுவாக ஓட வேணும் என்பது என் வழக்கம். அந்த ஓட்டத்துக்குப் பிறகு அட்ஜஸ்ரரைத் திரும்ப ஒருக்கா பார்க்க வேண்டிவரும், பார்த்தோம். ஹாண்ட் பிரேக் கேபிளையும் இறுக்கினோம்.

அதற்குப் பிறகு மருமகனைக் கட்டாயப்படுத்தி எம்.ஓ.ரி.க்கு அனுப்பினேன். தேவையில்லாத வண்டிக்கு விரும்பி எம்.ஓ.ரி. எடுக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். கூடியபட்சக் கட்டணம் 54 பவுண்ட் 85 பென்ஸ். "சட்டம் வேண்டாம் எண்டு சொல்லுது, நீங்க ஏன் மாமா காசைக் கொட்டச் சொல்லுறியள்?" என்றான். காசு பிரேக் ரோலருக்கு. அந்த மெஷின் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு பலத்தோடு பிடிக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் என்ன என்று காட்டும். எங்கள் கால் சொல்வதை அது இலக்கத்தில் சொல்லும். முன் ரெண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பின்பக்கமும் சரி. வண்டி பாஸ். சோதித்த ஆள் பெடலை அமத்திப் பார்த்து, "இந்த வயசு வண்டியில் இப்படிப் பெடல் கன நாளா பாக்கேல்லை" என்று இங்கிலீஷில் சொன்னதாக மருமகன் ரெண்டு நாள் சொல்லித் திரிந்தான்.

அப்போ மகளை ஏற்றலாமா? இது பிரேக்கை விட நிறையப் பெற்றோருக்குத் தெரியாத விசயம். செய்யும்போதே சீட் பெல்ட் இல்லாமல் வந்த பழைய வண்டியில், 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஏற்றவே கூடாது. 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பின் சீட்டில்தான் இருக்கலாம். பிக்கப்பில் பின் சீட் எங்கே? பின்னால் இருப்பது சாமான் ஏற்றுகிற தட்டு. ஆகவே பெல்ட் இல்லாத பிக்கப்பில் பிள்ளைக்கு இடமே இல்லை. 1963 வண்டிக்குப் பெல்ட் பூட்டலாம், ஆனால் துருப்பிடித்த தகட்டில் ஓட்டை போட்டு நட் இறுக்குகிற வேலை இல்லை அது. பிடிமானத்துக்கு இரும்புத் தகடு ஒட்டி, ஒழுங்காகச் செய்ய வேணும். பூட்டின பிறகும், 12 வயது ஆகும் வரை அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, பூஸ்ரர் சீட் கட்டாயம். பேத்தியின் உயரத்தைச் சுவரில் வைத்து அளந்தோம். 131.

பெல்ட் பூட்டுகிறவரிடம் அடுத்த மாதம்தான் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை அவள் சனிக்கிழமை காலையில் 183 பஸ்ஸில் போகிறாள். அப்பா பிக்கப்பில் பின்னால் தனியே வருகிறார்.